ஏலமா? கறார் விலையா? – பழைய பொருள் விற்ற கதை

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

எங்கள் கன்னிவாடிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இந்தக் குரல் புதிதல்ல. ஊர்ப் பொதுப் புளியமரத்தின் காய்ப்பை ஏலம் விடுவார்கள், கண்மாய் மீனை ஏலம் விடுவார்கள், கோயில் திருவிழா முடிந்தால் சாமிக்குப் படைத்த எலுமிச்சம்பழத்தைக் கூட ஏலம் விடுவார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனால் காய்கறி ஏலம், நிலக்கோட்டை பக்கம் போனால் பூ. இன்னும் கொஞ்சம் தெற்கே போடிநாயக்கனூருக்குப் போனால் ஏலக்காயையே ஏலம் விடுகிறார்கள் (இப்போது அதுவும் கம்ப்யூட்டர் மூலம்தான்). இந்த இரண்டு ஏலத்துக்கும் சம்பந்தமில்லை. ஏலக்காயின் ஏலம் நம் பழைய சொல். விற்பனை ஏலம் போர்ச்சுக்கீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் வந்த அதே கப்பலில்தான் இதுவும் வந்து இறங்கியிருக்கிறது!

இது வரலாற்றுக் கட்டுரைதான், ஆனால் கேள்வி இன்றைக்கானது. வீட்டில் தாத்தா காலத்து வெள்ளி ரூபாய் நாலைந்து இருக்கிறது, அல்லது அப்பா சேர்த்த தபால்தலை ஆல்பம், பழைய முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று. இதை இணையத்தில் விற்க வேண்டும். ஏலம் விடுவதா, "இவ்வளவு தந்தால் எடுத்துக்கொள்" என்று கறார் விலை போடுவதா? காலேஜ் ஃபீஸ் கட்டும் மாதத்தில் இது விளையாட்டுக் கேள்வி இல்லை. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பல ஆயிரம் போகும். போனது திரும்பி வராது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். தக்காளியை ஏன் ஏலம் விடுகிறார்கள்? அதற்கு இன்றைய விலை என்ன என்று யாருக்கும் தெரியாது, நாளைக்கு வைத்திருக்கவும் முடியாது. அதே ஊரில் சோப்புக் கட்டியை யாரும் ஏலம் விடுவதில்லை. எல்லாச் சோப்பும் ஒன்றுதான், விலை உறையிலேயே இருக்கிறது. நம் நாட்டில் பாக்கெட் பொருள்களில் அதிகபட்ச சில்லறை விலையை அச்சடிக்க வேண்டும் என்ற விதி வந்ததே 1990-இல்தான்.

கறார் விலை என்பதே மனித குலத்துக்குப் புதிய பழக்கம். சந்தையில் பேரம் பேசுவதுதான் இயல்பு. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அது போல வாங்குபவனைப் பார்த்து விலை சொல்வதுதான் பல நூற்றாண்டு வழக்கம். ஜப்பானில் மிட்சுயி குடும்பத்தார் 1673-இல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) எச்சிகோயா என்ற துணிக்கடையைத் திறந்து, "ரொக்கம் மட்டும், எல்லோருக்கும் ஒரே விலை" என்று அறிவித்தார்கள். பாரிஸில் 1852 முதல் பூசிக்கோ என்பவர் 'போன் மார்ஷே' கடையை வளர்த்தபோது விலைச்சீட்டு மாட்டிய துணி பெரிய அதிசயமாக இருந்தது. ஒரே கடையில் நூறு பேர் வேலை பார்த்தால் ஒவ்வொருவரையும் நம்பிப் பேரம் பேச விடமுடியாது. அதனால் விலைச்சீட்டு வந்தது. நியாயம் பிறகுதான். முதலில் அது முதலாளியின் வசதி.

இனி பழம்பொருளுக்கு வருவோம். இதில் நம் திண்டுக்கல்லுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். பாளையக்காரர்களை அடக்கி, சேனையும் பணமும் சேர்த்து அவர் மேலே ஏறியது இந்தக் கோட்டையிலிருந்துதான். எங்கள் கன்னிவாடியும் அந்தப் பாளையங்களில் ஒன்று. அவர் மகன் திப்பு 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டினத்தில் விழுந்த பிறகு கம்பெனிப் படை அரண்மனையைச் சூறையாடியது. பிறகு மிச்சத்தைப் பங்கு போட ஒரு கமிட்டி அமைத்தார்கள். ஒரு பொருளை ஆயிரம் சிப்பாய்களுக்கு எப்படிப் பங்கு வைப்பது? ஏலம் விட்டுக் காசாக்கினார்கள். திப்புவின் தங்கச் சிம்மாசனத்தைத் துண்டு துண்டாக உடைத்தே விட்டார்கள்! முழுதாக வாங்க அங்கே ஆளில்லை. வாங்கக் கூடியவன் நூறு மைல் சுற்றளவில் எவனோ அவன்தான். அந்தப் படையெடுப்பை முன்நின்று நடத்திய ஜெனரல் பெயர்டுக்குத் திப்புவின் படுக்கையறையில் இருந்த வாள் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த வாள் 2023 மே மாதம் லண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தது. 15 முதல் 20 லட்சம் பவுண்டு போகும் என்று எதிர்பார்த்தார்கள். போனது 1 கோடியே 40 லட்சம் பவுண்டு!

இரண்டுமே ஏலம்தான். ஒன்றில் பொருள் உடைந்தது, இன்னொன்றில் மதிப்பு ஏழு மடங்கானது. காலம் மாறியது ஒரு காரணம் என்றாலும், பெரிய காரணம் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏலத்தில் விலையை முடிவு செய்பவன் ஜெயித்தவன் அல்ல, அவனுக்கு அடுத்தபடி கேட்டுத் தோற்றவன். அவன் எங்கே நிறுத்துகிறானோ அதற்கு ஒரு படி மேலேதான் விலை நிற்கும். ஊர்ப் புளியமர ஏலத்தில் நாலு பேர் டீக்கடையில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் கேட்க விட்டால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 1996-இல் புலோவ், கிளம்ப்பரர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும், ஏலத்தில் கூடுதலாக ஒரே ஒரு ஆள் வந்து நிற்பதற்கு ஈடாகாது என்பது அவர்கள் கண்ட முடிவு.

தபால்தலைக் கதை இதைவிட சுவாரசியம். உலகின் முதல் தபால்தலை, 'பென்னி பிளாக்', 1840-இல் வந்தது. 1856-இல் ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற இளைஞர் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் தன் அப்பாவின் மருந்துக் கடையிலேயே ஒரு ஓரத்தில் தபால்தலை விற்க ஆரம்பித்தார். 1863-இல் இரண்டு கப்பல்காரர்கள் தென்னாப்பிரிக்காவின் முக்கோணத் தபால்தலைகள் நிறைந்த ஒரு பையோடு வந்தார்களாம். கிப்பன்ஸ் 5 பவுண்டு கொடுத்தார், அவர்களும் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். அதை வைத்து அவர் நூறு மடங்கு சம்பாதித்ததாக அந்தக் கடையின் வரலாற்றில் சொல்கிறார்கள். அந்தக் கப்பல்காரர்கள் ஏமாற்றப்பட்டார்களா? அவர்கள் பொருளின் மதிப்பு அவர்களுக்குத் தெரியாது. கேட்ட ஒரே ஆளின் விலைக்குக் கொடுத்தார்கள். இன்றும் ஊருக்கு வரும் பழைய சாமான் வியாபாரியிடம் இதே கதைதான் நடக்கிறது. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் இருக்கும் எத்தனை பித்தளை அண்டா, எத்தனை பர்மாத் தேக்குக் கதவு இப்படி வந்ததோ!

அதே கிப்பன்ஸ் 1865-இல் தன் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டார். இன்ன நாட்டு இன்ன தலை, இன்ன விலை. அதே 1865 டிசம்பரில் பாரிஸில் முதல் தபால்தலை ஏலம் நடந்தது. கறார் விலையும் ஏலமும் தபால்தலை உலகில் ஒரே வருடம் பிறந்த இரட்டைக் குழந்தைகள்! 1870-இல் நியூயார்க், 1872-இல் லண்டன் என்று ஏலம் பரவியது. ஆனால் ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை. பட்டியலில் இருப்பது, அதாவது பலரிடம் இருப்பது, கறார் விலைக்குப் போனது. பட்டியலில் கோடு போட்டு விலை எழுத முடியாமல் விட்டது ஏலத்துக்குப் போனது.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். ஈபேயில் ஏலம் கேட்டவர்களுக்கு இது தெரியும்: நீங்கள் அதிகபட்சமாக 1000 ரூபாய் என்று போட்டு வைத்தாலும், அடுத்தவர் 600-இல் நின்றுவிட்டால் உங்களுக்கு 600-க்குச் சற்று மேலேதான் முடியும். இப்படி ஒரு ஏலத்தை 1961-இல் வில்லியம் விக்ரி என்ற பேராசிரியர் தாளில் எழுதி, 1996-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அமெரிக்கத் தபால்தலை வியாபாரிகள் 1893-லேயே கடிதம் மூலம் இதே முறையில் ஏலம் நடத்தியிருக்கிறார்கள். நேரில் வரமுடியாத வெளியூர்க்காரர் கடிதத்தில் தன் உச்சவிலையை எழுதி அனுப்புவார், வியாபாரி அவருக்காக நேர்மையாகக் கேட்பார். தேவை வந்தால் சித்தாந்தம் வரும் வரை யார் காத்திருப்பார்கள்? :-)

இப்போது இணையம். 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் என்ற கம்ப்யூட்டர் எஞ்சினியர் 'ஆக்ஷன் வெப்' என்ற தளத்தைத் தொடங்கினார். இதுதான் பின்னால் ஈபே. காதலி சேர்க்கும் மிட்டாய் டப்பாக்களை விற்க ஆரம்பித்தார் என்று ஒரு கதை உலாவும். அது பிற்பாடு விளம்பரத்துக்காகக் கட்டிய கதை. உண்மையில் முதலில் விற்றது உடைந்துபோன லேசர் பாயிண்டர் ஒன்று, 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரியுமா என்று வாங்கியவரைக் கேட்டால், அவர் உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேர்க்கிறாராம்! இதற்குக் கறார் விலை போடச் சொன்னால் யாராவது 14 டாலர் போட்டிருப்பார்களா? குப்பையில்தான் போட்டிருப்பார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் அந்த ஒரு பைத்தியக்காரரைக் கண்டுபிடிப்பதுதான் இணைய ஏலத்தின் மகிமை.

நம் நாட்டில் 2000-இல் பாஸீ டாட் காம் வந்தது. 2004-இல் ஈபே அதை 5 கோடி டாலருக்கு வாங்கி ஈபே இந்தியா ஆக்கியது. 2017-இல் அது ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதற்கு முன்பே ஏலம் அங்கு இளைத்துப்போயிருந்தது. அமெரிக்காவிலும் அப்படித்தான். 2000-இல் 'உடனே வாங்கு' என்ற பொத்தானை ஈபே வைத்தது. பத்து ஆண்டுக்குள் பெரும்பாலான விற்பனை அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. லிரான் ஐனாவ் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் ஈபேயின் கணக்குகளை எடுத்து, ஒரே விற்பனையாளர் ஒரே பொருளை இரண்டு முறையிலும் விற்றதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏலத்தில் பொருள் விற்றுப்போக வாய்ப்பு அதிகம், ஆனால் விலை குறைவு. கறார் விலையில் காத்திருக்க வேண்டும், ஆனால் விற்றால் கூடுதல் பணம். முன்பு ஏலம் கேட்பதே ஒரு கிரிக்கெட் மேட்ச் மாதிரி பொழுதுபோக்காக இருந்தது. அந்த மோகம் தீர்ந்ததும் மக்கள் ஏழு நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. பழையது, ஒன்றே ஒன்றுதான் இருப்பது, விற்பவருக்கே விலை தெரியாதது... இவற்றில் மட்டும் ஏலம் பிழைத்துக்கொண்டது.

கடைசி நிமிடத் திருட்டுக் கேள்வி பற்றியும் சொல்ல வேண்டும். ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடியும். அதனால் கில்லாடிகள் கடைசிப் பத்து நொடி வரை வாயே திறக்க மாட்டார்கள். அமேசான் நடத்திய ஏலத்தில் கடைசியில் யாராவது கேட்டால் இன்னும் பத்து நிமிடம் நீளும், நம் ஊர் மூணு தரம் போல. 2002-இல் ரோத், ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்து, கடைசி நொடிக் கேள்வி ஈபேயில்தான் மிக அதிகம் என்று காட்டினார்கள். என்னைக் கேட்டால் விற்பவருக்கு நம் ஊர் முறைதான் நல்லது. "மூணு தரம்" என்று இழுப்பதற்குள் தோற்கிறவனுக்கு ரோஷம் வர நேரம் கிடைக்கிறதே!

இதெல்லாம் சரி, நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதற்கு என்ன செய்வது?

விக்டோரியா ராணி படம் போட்ட 1862 வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். "நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழசு, லட்சம் போகும்" என்பார்கள். ஆனால் 1862-க்குப் பிறகு பத்து வருடத்துக்கும் மேலாக அதே 1862 என்ற வருடத்தைப் போட்டுத்தான் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அது தெருவுக்குத் தெரு கிடைக்கும். இதை ஏலம் விட்டால் இரண்டு பேர் கேட்பார்கள், இருவருக்கும் சந்தை விலை தெரியும். கறார் விலையே போதும். அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் வெள்ளி 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையை அதால் பெருக்கினால் வருவதுதான் தரை. அதற்குக் கீழே எவன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

1911-ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வேறு ரகம். அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, வெளியே விடாமல் இருந்த பெரும் பகுதியை அரசாங்கமே உருக்கிவிட்டது. 'பன்றி ரூபாய்' என்றே பெயர். 1939 ஆறாம் ஜார்ஜ் ரூபாய் அதைவிட அரிது. அடுத்த ஆண்டே வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இந்த இரண்டும் உண்மையாக இருந்தால் ஏலத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் யார் வேண்டுமானாலும் படம் போடும் தளத்தில் அல்ல, நாணயத்தைக் கையில் வாங்கிச் சோதித்துப் பட்டியல் போடும் ஏல நிறுவனத்தில். 1939-க்குப் போலி நிறைய இருப்பதால், சோதனைச் சான்று இல்லாமல் யாரும் துணிந்து கேட்க மாட்டார்கள். கேட்க ஆளில்லாத ஏலம், ஆரம்ப விலையிலேயே யாரோ ஒருவருக்கு அள்ளிக் கொடுப்பதுதான்.

இன்னொரு தடை சட்டத்திலிருந்து வருகிறது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய நாணயமும் தொல்பொருள்தான். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தொழிலாக விற்க உரிமமும் வேண்டும். உழும்போது மண்ணில் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வேறு இருக்கிறது: மதிப்பு 10 ரூபாய் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். (பழனிக்குப் பக்கத்தில் களையம்புத்தூரில் 1856-இல் ரோமானியத் தங்க நாணயங்களே கிடைத்தன, நம் பக்கத்து மண்ணை லேசாக நினைக்காதீர்கள்.) இதன் விளைவு என்ன? பிரிஸ்டல் நகரில் 2020-இல் ஒருவர் காந்தியின் மூக்குக்கண்ணாடியை ஒரு உறையில் வைத்து ஏலக் கடையின் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். "தேறாவிட்டால் தூக்கிப் போடுங்கள்" என்றாராம். 15 ஆயிரம் பவுண்டு போகலாம் என்று நினைத்தது 2 லட்சத்து 60 ஆயிரத்துக்குப் போனது, எடுத்தவர் ஒரு அமெரிக்கர். நம் பழம் நாணய ஏலத்தில் அப்படி ஒரு அமெரிக்கர் கேட்க வரமுடியாது. கூட்டம் சிறியது, அதனால் ஏலத்தின் பலமும் கொஞ்சம் குறைவு. பாரம்பரியத்தைக் காக்கும் சட்டம் அது, குறை சொல்லவில்லை. ஆனால் விலையைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்தே போட வேண்டும்.

தமிழ்க் காமிக்ஸ் கதை தனி. சிவகாசியிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் வந்தன. அட்டையில் அச்சடித்த விலை சில ரூபாய்கள். பிரதிகள் கிழிந்து, எடைக்குப் போய், மிஞ்சியவை அரிதானபோது சேகரிப்பவர்கள் ஆயிரக் கணக்கில் கொடுக்கத் தயாரானார்கள். அட்டை விலைக்கு மேல் ஒரு பைசா கேட்பது துரோகம் என்று ஒரு கட்சி, என்னுடையதை என் விலைக்கு விற்கிறேன் என்று இன்னொரு கட்சி. பிறகு பதிப்பகமே இரும்புக்கை மாயாவி கதைகளை மறுபதிப்புப் போட்டது. கதை படிக்க மட்டும் தேடியவர்கள் புதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அந்தப் பழைய தாளும் மணமும் வேண்டும் என்றவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். மறுபதிப்பு வந்துவிட்ட பழைய இதழைக் கறார் விலையில் போட்டு மாதக் கணக்கில் காத்திருக்கலாம். வராத இதழ், அதுவும் அட்டை கிழியாமல் இருந்தால், பத்து வெறியர்கள் கூடும் இடத்தில் ஏலம் விடலாம்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுத நினைத்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவிடம் டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அதில் இருந்த நம்பருக்குப் பேசியிருக்கிறார். "5 லட்சம் தருகிறோம் அம்மா, முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்றார்கள். கட்டினார். பிறகு வரி, அதையும் கட்டினார். மூன்றாவது முறை கேட்டபோதுதான் பேத்தி போனைப் பிடுங்கினாள். அது ஏலமும் இல்லை, கறார் விலையும் இல்லை. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைப் பற்றியே அறிவிப்பு வெளியிட்டது: எங்கள் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயத்துக்குக் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்டால் நம்பாதீர்கள், நாங்கள் யாரிடமும் அப்படி வசூலிப்பதில்லை என்று. டிராக்டர் நோட்டு கோடிக் கணக்கில் அச்சடித்தது. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5, 10 ரூபாய் நாணயங்களும் அப்படித்தான்.

ஏல நிறுவனம் கமிஷன் எடுக்கும், தளங்களும் எடுக்கும், ஆனால் அது பொருள் விற்ற பணத்தில் கழிப்பது. விற்பதற்கு முன்பே விற்பவரிடம் வரி கேட்பவனிடம் போனைத் துண்டித்துவிடலாம். பெரியம்மாவிடம் அந்த நோட்டு மட்டுமல்ல, சுருக்குப் பையில் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் மூன்றும் இருந்தன. எல்லாம் 1918, ஏராளமாக அச்சடித்த வருடம். வெள்ளிக் கணக்கைப் போட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்குக் கீழே கேட்டால் தர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "நோட்டு?" என்றார். "அஞ்சு ரூபாய்தான் பெரியம்மா, கடையில வாங்கிக்குவாங்க" என்றேன்.